நாற்பத்தொரு பச்சைப் பொட்டு

அந்தப் பெஞ்சை அங்கே வைத்த பாவம் முழுக்க ஹைத்தமையே சேரும். ஜோர்டான் தலைநகர் அம்மானில், நகராட்சி எஞ்சினியர். மலைச்சரிவில் ஏறும் நூற்றுப் பன்னிரண்டு படிகளின் நடுத்தளத்தில், சாய்மானம் எத்தனை டிகிரி என்பதுவரை இழைத்து இழைத்து வரைந்து போட்ட சிமெண்ட் பெஞ்சு. மூன்று வாரம் ஆயிற்று. இதுவரை உட்கார்ந்தது ஒரு பூனை. அதுவும் பாதியில் எழுந்து போய்விட்டது.

தெருவைக் கேட்காமல் செய்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெருச் சங்கக் கட்டடத்தில் வரைபடத்தை விரித்து, பிடித்திருந்தால் பச்சைப் பொட்டு, பிடிக்காவிட்டால் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னான். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். நாற்பத்தொன்றும் பச்சை. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த அத்தனை பேரும் ஆண்கள் என்பது மாட்டும்போது கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேல்தளங்களில் இன்னும் ஆறு பெஞ்சு இறங்கப்போகிறது. இறக்குவதா, நிறுத்துவதா என்று இன்று சாயங்காலத்துக்குள் அவன் சொல்லியாக வேண்டும்.

படியடியில் முடிதிருத்தும் அபூ ஷாதியிடம் போனான்.

"பெஞ்சு எப்படிங்க இருக்கு?"

"உங்க கை நல்லாயிருக்கணும் எஞ்சினியர்! சோபா தோத்துச்சு."

"நீங்க உக்காந்து பாத்தீங்களா?"

"எனக்கு முட்டி வலிங்க."

"முட்டி வலிக்குத்தானே பெஞ்சே!"

"முதல்ல காபி குடிங்க."

குடித்தான். "அன்னைக்கு நீங்களும் பச்சைதானே ஒட்டுனீங்க?"

"பின்ன? தேடி வந்த விருந்தாளி மூஞ்சில சிவப்பையா ஒட்டுவாங்க? எங்களை என்னன்னு நெனச்சீங்க?" அபூ ஷாதிக்கு மனசு நிஜமாகவே நொந்துவிட்டது.

காய்கறிக்கடையில் இரண்டாவது காபி, தையற்கடையில் மூன்றாவது. போன இடமெல்லாம் வாழ்த்தினார்கள். ஒருவர் ஒரு பை வெள்ளரிக்காய்கூடக் கட்டிக் கொடுத்தார். பதிலை மட்டும் யாரும் கட்டிக் கொடுக்கவில்லை.

மூன்று காபியும் நெஞ்சில் குதிக்க, ஹைத்தம் படியேறித் தன் பெஞ்சில் தானே உட்கார்ந்தான். சுகமான சாய்மானம்தான். நேர் எதிரே ஒரு சன்னல், ஆகஸ்ட் வெயிலிலும் இறுகச் சாத்தியிருந்தது. உள்ளிருந்து கத்தரிக்காய் பொரியும் வாசனை.

படாரென்று சன்னல் திறந்தது. ஒரு கையால் முக்காட்டை இழுத்துப் பிடித்து, மறுகையில் கரண்டியோடு ஓர் அம்மாள். முகமெல்லாம் வியர்வை.

"யாரு, நகராட்சியா?"

"ஆமாங்கம்மா." பழக்கதோஷம், கேட்டுவிட்டான். "பெஞ்சு எப்படி..."

"தூக்கிட்டுப் போ மகனே. அதுல உக்காந்தா என் அடுப்படி முழுசும் தெரியுது. மூணு வாரமா சன்னலைச் சாத்திக்கிட்டுக் கத்தரிக்காயோட நானும் வேகறேன்."

"கீழ யாருமே சொல்லலையேம்மா!"

"அடுத்தவன் வீட்டு அடுப்படியைப் பத்தி ஆம்பளைங்க வேத்தாள்கிட்டப் பேசுவாங்களா? நல்ல பிள்ளைங்க, ஒருத்தனும் உக்காரல. அவ்வளவுதான் அவங்களால முடிஞ்சது."

ஹைத்தமுக்குக் காது சுட்டது. பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டான்.

"மேல இன்னும் ஆறு வருதும்மா, ஞாயித்துக்கிழமை."

"எதிர்ல சன்னல் இருக்கா?"

ஒவ்வொரு தளமாக மனசுக்குள் ஏறிப் பார்த்தான். "ஆறுக்கும் இருக்கு."

"அப்ப வேண்டாம்."