கீரிப்பிள்ளையின் டோக்கன் கேஸ்

"மொத்தம் நானூத்திப் பன்னெண்டு கேஸ். ஒண்ணுலகூட எங்க வூட்டுக் கீரி தோத்ததில்ல. வெளியூர்லேர்ந்து ரெண்டு போலீஸ் நாய் அதுகிட்ட டிரெய்னிங்குக்கு வந்து, மூணு மாசம் நம்ம கொய்யா மரத்தடியில தங்கிப் படிச்சிட்டுப் போச்சு!"

கொளஞ்சிநாதன் இப்படிச் சொன்னபோது குவார்ட்டர்ஸ் படியில் உட்கார்ந்திருந்த ஏழு பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

"நாய்ங்க பாஸ் பண்ணுச்சா தாத்தா?" என்று மட்டும் எதிர்வீட்டுக் கார்முகில் கேட்டாள்.

"ஒண்ணு பாஸு. இன்னொண்ணு கணக்குல போச்சு."

சுரங்கத்தில் முப்பத்தாறு வருஷம் கன்வேயர் ஓட்டி ஓய்வுபெற்றவர். தூறல் விழுந்தால் அவர் வாயில் அது புயலாகிவிடும். ஷிப்டு பஸ்ஸில் கதை கேட்ட ஆட்கள் இல்லாமல் போனதற்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத இந்தத் துப்பறியும் கீரி மேல் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை பைத்தியம் என்பதற்கும் ஒரு வாசகம் வைத்திருந்தார்: "பெரியவங்க மேலயே பாத்துகினு நடக்கறாங்க. கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு கீரிக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

அந்த வாசகம் அவருடையது இல்லை. கீரியும் அவருடையது இல்லை.

இரண்டும் ஒரு பழைய நோட்டில் இருந்தன. வீட்டைக் காலி செய்யப் பரணிலிருந்து சாமான் இறக்கியபோது கிடைத்தது. தோட்டத்துக்கு வந்துபோன கீரியைத் துப்பறிவாளராக்கி மகள் சத்யப்பிரியா நாலாம் வகுப்பில் எழுதியது. அதில் இருந்தது பதினோரு கேஸ்தான். அதை ஊதி ஊதி நானூற்றுப் பன்னிரண்டாக்கியது மட்டும் அவர் கைங்கரியம். பதினோராவதை இன்றுவரை பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

அது டோக்கன் கேஸ். அப்போது சுரங்கத்து கேட்டில், நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் காட்டித்தான் வேலைக்குள் போக வேண்டும். டோக்கனையும் மிச்சப் பொட்டுக்கடலையையும் ஒரே கைக்குட்டையில் முடிந்துவைப்பது அவர் பழக்கம். ஒருநாள் முடிச்சோடு காணோம்.

"ஏன் கொளஞ்சி, டோக்கனைத் திமிங்கிலம் முழுங்கிடுச்சா?" என்று கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஒருநாள்தான் மனிதர் உண்மை பேசினார், அன்றைக்குத்தான் ஒருவரும் நம்பவில்லை. ஷிப்டும் போனது.

அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்தவரிடம் ஒன்பது வயது சத்யா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அப்பா, கேஸ் முடிஞ்சிடுச்சு! பெருச்சாளிதான் இழுத்துகினு போயிருக்கு. துவைக்கிற கல்லுக்கு அடியில வளை. கீரி தோண்டுச்சு, உங்க நீலக் கைக்குட்டை முனை தெரிஞ்சுது. நான் பாத்தேம்ப்பா!"

கடப்பாரை கொட்டகையிலேயே சாத்தியிருந்தது. பத்து நிமிஷ வேலை. அவரோ, "கீரி வந்து சொன்னிச்சா? என்கிட்டயே கதையா? எங்க வச்சு வெளையாடித் தொலைச்ச?" என்று கத்தினார். அதே நோட்டில் 'இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்' என்று நூறு தடவை எழுதவைத்தார்.

எழுதினாள். பன்னிரண்டாவது கேஸை மட்டும் எழுதவே இல்லை. அதற்குப் பிறகு அப்பாவுக்கு அவளிடமிருந்து தகவல்தான் வந்தது. மார்க்கு, பஸ் நேரம், வேலை கிடைத்த சேதி. எல்லாம் ஒவ்வொரு வரி. இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான். பரணுக்குக் கீழே நின்று அந்தப் பக்கங்களில் இருந்த வரிகளை அவர் எண்ணிப் பார்த்தபோது நூற்றோரு வரிகள் இருந்தன. கடைசி வரி: 'கீரி பொய் சொல்லாது.'

வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் முன் நாமாகப் போட்டுக்கொண்டதையெல்லாம் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். கொட்டகையைப் பிரிக்க வந்த கூலியாள் பெரியண்ணன், காலி செய்வதற்கு முந்தின நாள் மத்தியானம் துவைக்கிற கல்லையும் நெம்பிப் புரட்டினார்.

"சார், இங்க வாங்க. இன்னாங்க இது, பழைய காசா?"

பச்சை பூத்த பித்தளை. கொளஞ்சிநாதன் நகத்தால் சுரண்டினார். 4172, அவருடைய நம்பர். துளையில் கைக்குட்டையின் மக்காத நீல நைலான் நூல் ஒன்று சிக்கியிருந்தது.

புரண்டு கிடந்த கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காலி செய்ய உதவிக்கு வந்திருந்த சத்யா உள்ளே பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவரை மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் விட்டுவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறிவிடுவாள்.

"காசு இல்ல பெரியண்ணா. கேஸு."

"இன்னா கேஸுங்க?"

"நான் தோத்த கேஸு."

சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும், "சத்யா, சித்த வெளிய வந்து உக்காரும்மா" என்று கூப்பிட்டார். அவள் கையில் பேப்பரோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

பதினோராவது கேஸைச் சொன்னார். கை ஆடவில்லை, குரல் ஏறவில்லை, ஒரு நாய்கூட டிரெய்னிங்குக்கு வரவில்லை. பிள்ளைகள் நெளிந்தார்கள்.

"வெறும் பொட்டுக்கடலையா? வைரம் இல்லியா தாத்தா?" என்றாள் கார்முகில்.

"பொட்டுக்கடலைதான்."

"அந்த அப்பா கல்லைத் தூக்கிப் பாத்தாரா?"

"இல்லம்மா."

"ஏன்? லூசா அவரு?"

"பெரிய லூசு. ஊரே தன்னை நம்பணும்னு அலைஞ்சாரு. பெத்த பொண்ணை நம்பல."

பேப்பர் கசங்கும் சத்தம் கேட்டது. "போதும்ப்பா. அதெல்லாம் பழசு. பிள்ளைங்ககிட்ட எதுக்கு?"

அவர் எழுந்துபோய் அவள் உள்ளங்கையில் டோக்கனை வைத்தார். சத்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீல நூலை விரல்நுனியால் இழுத்துப் பார்த்தாள். பிறகு, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில், "இதுவும் உங்க கதை இல்லையே?" என்றாள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அவளுக்கு எப்படி வலித்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இல்லம்மா. பெரியண்ணன் நெம்பினாரு, நான் பாத்தேன். நீ சொன்ன அதே கல்லு, அதே வளை. நம்பாதவன் நான் ஒருத்தன்தான்." அவர் அவள் விரல்களை டோக்கன்மேல் மடக்கினார். "நடந்துச்சும்மா."