பாத்திரம் திருப்பியவர்கள்

இஸ்திரி போட்டுத் தரும் சூட்டு உருளையிலிருந்து படுக்கை விரிப்பு வெளியே வரும்போது அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர, மற்றவள் எதிரே நின்று இழுக்க, நடுவில் துணி பலகை மாதிரி விறைத்து நிற்கும். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்தில் அண்ணியும் வக்கீலும் அந்த நானூறையும் கேள்வி பதிலாகவே மடித்து அடுக்கினார்கள்.

வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். காலை ஷிப்டு முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மாலை நேரச் சட்டக் கல்லூரிக்கு ஓடும் பெண்ணுக்குச் சலவைக்கூடம் கேலியாக வைத்த பெயர். மூன்றாவது வருஷம் வருவதற்குள் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றது. அவள் தன் அண்ணன் மனைவியை வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், அந்த அண்ணி சலவைக்கூடம் மொத்தத்துக்கும் அண்ணியாகிவிட்டாள். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம் குடும்பச் சட்டம் பாடம். தள்ளுவண்டியின் கைப்பிடியில் துணி கிளிப்பால் மாட்டிய தாள்கள், ஆவி படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கின. அண்ணி ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். ஆனாலும் கேள்வி கேட்கிற வேலை அவளுடையது.

"வழக்கப்படி நடந்த... திரு... மணத்துக்கும், சட்டப்படி நடந்த திருமணத்துக்கும், உள்ள வே... வேறுபாடு யாது?"

"ஒண்ணு ரிஜிஸ்டர்ல இருக்கும். இன்னொண்ணு நாலு பேர் ஞாபகத்துல இருக்கும்." வக்கீல் விரிப்பை உதறினாள். "ஆனா இப்படி எழுதினா மார்க் போட மாட்டாங்க அண்ணி. இதையே ரெண்டு பக்கத்துக்கு இழுக்கணும்."

"விவாகரத்துக்கு உரிய காரணங்கள் எவை?"

"கொடுமை செய்யறது, விட்டுட்டுப் போறது, வேற ஆளோட தொடர்பு..."

"குறட்டை உண்டா வக்கீலு?" தலையணை உறை மடிக்கும் மேஜையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். உறைக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

"கொடுமையில சேர்த்துப் பாக்கலாம்க்கா. சாட்சி வேணும்."

"எங்க தெருவே சாட்சிடி! அந்தாளு தூங்கினா தெருவுல ஒருத்தரும் தூங்கறதில்ல."

சிரிப்பு அடங்குவதற்குள் மேஸ்திரியம்மாவின் குரல் வந்தது. "வாய் மடிக்குதா, கை மடிக்குதா?" முப்பத்தொரு வருஷமாக அந்தக் கூடத்தில் இருப்பவள். இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தாலும் ஏட்டில் சிவப்புக் கோடு போட்டுவிடுவாள். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். அண்ணி குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்விக்குப் போனாள்.

கேட்டுக் கேட்டு அண்ணிக்கும் பாதி மனப்பாடம். நாத்தனார் பதில் சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சொல் கூடத் தடுமாறாது. பஸ்ஸில் நின்றபடி படிக்கிறாள், அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண்ணா என்று அண்ணிக்கு ஆச்சரியம் அடங்கியதே இல்லை.

அண்ணியின் கணவன் அதே ஆஸ்பத்திரியில் பாய்லர் ஆளாக இருந்தான். நிரந்தர வேலை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாய்லர் அறை வாசலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனுக்குக் கொடுத்திருந்த குடியிருப்பில்தான் அண்ணியும், மூன்றாவது படிக்கும் மகளும், வக்கீலும் இருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, தண்ணீர் தடையில்லாமல் வரும் குழாய். நிரந்தரத் தொழிலாளி இறந்துபோனால், பிள்ளை பள்ளி முடிக்கும்வரை அவன் மனைவி அங்கேயே இருக்கலாம் என்பது விதி. அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

படிவம் வந்த அன்று வக்கீல் பரீட்சைக்குப் போயிருந்தாள். அவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று அண்ணியே உட்கார்ந்து, பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். 'இதற்கு முன் திருமணம் நடந்ததுண்டா?' என்று ஒரு கேள்வி. 'உண்டு' என்று எழுதினாள். கீழே காலியாக ஐந்து கோடு இருந்தது. இடத்தை வீணாக்குவானேன் என்று அதையும் எழுதினாள்: 'பதினெட்டு வயதில் நடந்தது. ஒத்துவரவில்லை. பெரியவர்கள் முன்னால் பாத்திரம் திருப்பிக்கொண்டோம். யார் மேலும் குறை இல்லை.'

அவர்கள் சாதி ஆட்களில் கல்யாணத்தின்போது இரண்டு வீடும் ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்துக்கொள்ளும். சேர்ந்து வாழ முடியாது என்றாகிவிட்டால், ஐந்து பெரியவர்கள் முன்னால் அவரவர் பாத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு இருவரும் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். காகிதம் கிடையாது. அண்ணி அப்படி விடுபட்ட மூன்றாம் வருஷம் பாய்லர்காரனைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது. வக்கீல் நின்றபடியே படித்தாள். முதல் திருமணம் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்படாத நிலையில் இரண்டாவது திருமணம் செல்லாது. ஆகவே மனுதாரர் இறந்தவரின் மனைவி ஆகமாட்டார். முப்பது நாளுக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.

"பத்து வருஷம் அவருக்குச் சோறு போட்டது யாராம்?" என்றாள் அண்ணி. பிறகு மெதுவாக, "நான் அந்த அஞ்சு கோட்டை எழுதாம இருந்திருக்கணும், இல்ல?"

"கேட்டாங்க, உண்மையை எழுதினீங்க. அதுல என்ன தப்பு?"

"உன்னைக் கேட்டிருக்கணும்."

"என்னைக் கேட்டிருந்தா நான் மட்டும் பொய் எழுதச் சொல்லியிருப்பேனா?" வக்கீல் அதற்குள் தாள்களைப் புரட்டத் தொடங்கியிருந்தாள். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. அவள் நிமிரவில்லை. கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து அண்ணியைக் கூப்பிட்டாள். "படிங்க."

அண்ணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். வழக்கப்படி நடந்த மணமுறிவைச் சட்டம் ஏற்கும். ஆனால் அந்த வழக்கம் பழையதாகவும், விடாமல் கைக்கொள்ளப்படுவதாகவும், நியாயத்துக்கு விரோதமில்லாததாகவும் இருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு, வழக்கம் உண்டு என்று சொல்பவரையே சேரும்.

"அப்ப நாம ஜெயிச்சுட்டோமா?"

"இல்ல அண்ணி. நாம நிரூபிக்கணும். அதுக்குப் பாத்திரம் திருப்பின பொம்பளைங்க வேணும். திருப்பிட்டு, மறுபடி கட்டிக்கிட்டு, குடும்பம் நடத்தறவங்க. அவங்க வந்து வாயத் திறந்து சொல்லணும்."

அண்ணி உட்கார்ந்துவிட்டாள். சலவைக்கூடத்தில் இருபத்துமூன்று பேர் அவர்கள் ஆட்கள்தான். ஆனால் ஒருத்தியும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. முன்பெல்லாம் சர்வசாதாரணம். பிள்ளைகள் படித்து, நல்ல இடத்தில் சம்பந்தம் பேசத் தொடங்கிய பிறகு அது வெளியே சொல்லக்கூடாத விஷயமாகிவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வக்கீல் கூடத்தின் நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னாள். டப்பாக்கள் திறந்திருந்தன. யாரும் மெல்லவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள் அவள். "நீங்க வந்து சொன்னா, நாளைக்கு உங்க கல்யாணத்தையும் அவங்க கேள்வி கேக்கலாம். கேக்க மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது. யோசிச்சுட்டு வாங்க. வரலேன்னாலும் எனக்கோ அண்ணிக்கோ ஒரு வருத்தமும் இல்ல."

அண்ணிக்கு வருத்தம் இருந்தது. கை அலம்பும் இடத்தில் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். "அதை எதுக்குடி சொன்னே? ரெண்டு பேராவது வந்திருப்பாங்க."

"தெரியாம வந்து மாட்டிக்கிட்டா, நான் படிச்சது எதுக்கு?"

அண்ணி குழாயை வேகமாகத் திருகி மூடினாள். கோபம் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், இவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்ட வேண்டும்போல ஒரு நினைப்பும் வந்தது.

மேஸ்திரியம்மா எழுந்து வந்து மணி பார்த்தாள். "சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது" என்றாள். அவ்வளவுதான்.

வக்கீல் எழுதிக் கொடுத்த மேல்மனுவுக்கு விசாரணை எட்டாம் தேதி, நிர்வாகக் கட்டடத்தின் மாடியில். அண்ணி ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்த முதல் கணவன் சொன்னபடி வந்திருந்தான். சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவன். குளித்துவிட்டு வந்தும் புருவத்தில் சாம்பல் நிறம் போகவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். பிள்ளைங்க?"

"ரெண்டு." அவன் வேறு பேசத் தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டான்.

உள்ளே அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "கூட வந்திருக்கறது யாரு?"

"இறந்தவரோட தங்கச்சி சார். சட்டம் மூணாவது வருஷம்" என்றாள் வக்கீல்.

"வக்கீலா?"

"இன்னும் இல்ல சார்."

"இங்க வேலை?"

"சலவைப் பிரிவு."

"அப்ப வெளிய இரும்மா."

கதவு சாத்திக்கொண்டது. கதவின் கண்ணாடியில் நாத்தனாரின் தலை மட்டும் தெரிந்தது.

மூட்டைக்காரன், ஆமாம், பாத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டோம், அதற்குப் பிறகு நானும் வேறு கட்டிக்கொண்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அதிகாரி கெட்டவரில்லை. அவனுக்கு நாற்காலி காட்டினார். அண்ணிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "ஆனா இது நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கிட்டது. இதை வழக்கம்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே ஒரு விரிப்பு விறைத்து நிற்பதாக நினைத்துக்கொண்டாள். "பழசா இருக்கணும் சார். விடாம நடந்துக்கிட்டு வரணும். நியாயத்துக்கு விரோதமா இருக்கக்கூடாது. அதை நிரூபிக்கற பொறுப்பு எங்களோடது. உங்களோடது இல்ல. அது எனக்குத் தெரியும்."

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்தார். "எங்க படிச்சே?"

"விரிப்பு மடிக்கறோம் சார். மடிக்கும்போதே..."

"சரி. ஆளு இருக்கா?"

அண்ணி கதவுக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி அல்ல, பல ஜோடி. கதவைத் திறந்துகொண்டு மேஸ்திரியம்மா உள்ளே வந்தாள். முழங்கைவரை ஈரம். வேலை நேரத்தில் அவள் கூடத்தை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. பின்னால் உறைக்காரியும் இன்னும் ஐந்து பேரும்.

"எழுதிக்குங்க" என்றாள் மேஸ்திரியம்மா, உட்காராமலே. "அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. மொத ஆளு தங்கமானவன். அவங்க அம்மாவுக்கும் எனக்கும்தான் ஆகலை. பாத்திரத்தைத் திருப்பிட்டு வந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு இப்ப இருக்கறவரைக் கட்டிக்கிட்டேன். எங்கம்மாவும் இப்படித்தான். அவங்கம்மாவும் இப்படித்தான்னு சொல்லுவாங்க. இது என் பிள்ளைக்குக்கூடத் தெரியாது. இன்னிக்குச் சாயங்காலம் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பொண்ணை எதுக்கு வெளிய நிக்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். உறைக்காரி சொல்லும்போது அதிகாரிக்கே சிரிப்பு வந்தது. "எனக்கு மொதல்ல வாய்ச்சவன் குறட்டை விடாதவன் சார். அவனை விட்டுட்டு இவன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்." பெயர், வயது, இப்போதைய கணவர் பெயர், குடியிருப்பு எண் எல்லாவற்றையும் குமாஸ்தா எழுதிக்கொண்டான். கண்ணாடிக்கு வெளியே வக்கீல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. வழக்கம் நிரூபிக்கப்பட்டது, மனுதாரர் இறந்தவரின் மனைவியே, குடியிருப்பில் தொடரலாம். வக்கீல் அதை இரண்டு தடவை வாசித்தாள். முதல் தடவை பாடம் மாதிரி வேகமாக. இரண்டாவது தடவை 'மனைவியே' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அந்தத் தாளை வாங்கித் தானே ஒருமுறை எழுத்துக்கூட்டினாள். சூட்டு உருளையின் சத்தத்துக்கு மேலே ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள். மேஸ்திரியம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

அன்றைக்கே, தேநீர் நேரத்தில், அலுவலகச் சேவகன் ஏட்டோடும் ஏழு கடித உறைகளோடும் வந்தான்.

முதல் உறையை மேஸ்திரியம்மா பிரிக்காமலே வக்கீலிடம் நீட்டினாள். "படிடி."

"எட்டாம் தேதி தாங்கள் அளித்த வாக்குமூலத்தில்..." வக்கீல் நிறுத்திவிட்டு, மறுபடி ஆரம்பித்தாள். "முதல் திருமணம் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்படாதது தெரிய வருவதால், தங்கள் தற்போதைய திருமணம் செல்லத்தக்கது என்பதற்கான ஆதாரத்தை முப்பது நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால்..."

"தவறினா?"

"குடும்ப மருத்துவச் சலுகை, குடியிருப்பு, எல்லாம்."

"முப்பது வருஷமா அந்தாளு துணியைத் துவைச்சிருக்கேன்" என்றாள் மேஸ்திரியம்மா. "ஊரான் துணியா அது?" யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

"நான்தான்..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. வக்கீலு முன்னாடியே சொல்லிட்டுத்தான் கூப்பிட்டா. தெரிஞ்சுதான் வந்தோம்." மேஸ்திரியம்மா அங்கிருந்த ஒரே முக்காலியை இழுத்து வக்கீலுக்கு முன்னால் போட்டாள். "உக்காரு. எழுத நின்னுக்கிட்டா முடியும்?"

வக்கீல் உட்கார்ந்தாள். மடியில் நோட்டை வைத்து, ஏழு தாள்களைக் கிழித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர் எழுதினாள். "ஒருத்தருக்கு மத்த ஆறு பேரும் சாட்சி. அண்ணியோட உத்தரவையும் ஒவ்வொண்ணுலயும் சேர்க்கலாம். ஆனா ஏழு பேருக்கும் தனித்தனியாத்தான் விசாரிப்பாங்க. ஏழு நாள் நீங்க எல்லாரும் மாடி ஏறணும்."

"ஏறுவோம்" என்றாள் யாரோ.

சேவகன் அவசரப்படுத்தினான். உறை பெற்றுக்கொண்டதற்கு ஏட்டில் கையெழுத்து வேண்டும். ஆறு பேர் போட்டார்கள். உறைக்காரிக்கு எழுத வராது. அவன் நீல மைப்பெட்டியைத் திறந்தான். அவள் கட்டைவிரலை மையில் ஒற்றி, கட்டத்துக்குள் அழுத்தி எடுத்தாள்.

"ரேகை விழலியேம்மா. மறுபடி வை."

இருபது வருஷம் வெளுப்புக்காரத்தில் முங்கிய விரல். அண்ணி தன் முந்தானையால் அதைத் துடைத்துக் கொடுத்தாள். உறைக்காரி மறுபடி வைத்தாள்.

"இதுல ஒரு கோடுகூட இல்ல. இது உன் கைன்னு எப்படித் தெரியும்? நல்லா அழுத்து."

அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் விரலில் ஏற்றி அழுத்தினாள். எடுத்தபோது கட்டத்துக்குள் நீலமாக ஒரு வட்டம் இருந்தது. கோடு எதுவும் இல்லாமல், வழவழவென்று.