நாற்பத்தோராம் நம்பர் வில்லை

என் தங்கை வேதமணியின் வீட்டுக்காரர் ஜெபசிங்கும் நானும் ஒரே நாளில், ஒரே நூலேணியிலிருந்து கடலில் விழுந்தவர்கள். அது எழுபத்திரண்டாம் வருஷம். அப்போதெல்லாம் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். பாதி ஏணியில் இருக்கும்போது கப்பல் சங்கு ஊதியது, தோணி விலகியது, ஏணி முறுக்கிக்கொண்டது. தோணிக்காரர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். மறுநாள் நான் ஏறிவிட்டேன். அவர் ஏறவில்லை.

மாப்பிள்ளை பிறவியிலேயே அப்படி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். கப்பல் தளத்தில் நின்று, மூட்டை தூக்கும் விஞ்சுக்காரனுக்குக் கைகாட்டுவது எங்கள் வேலை. அதற்கு அந்தக் குணம் நல்லதுதான். அவர் கைகாட்டிய இடத்தில் ஒருவன் விரல்கூட நசுங்கியதில்லை. எனக்கு அந்தப் பெயர் கிடையாது.

ஆனால் எனக்கு அன்றைக்கே வடிந்துபோன பயம் அவருக்கு வளர்ந்தது. முதலில் நூலேணி ஆகாது என்றார். பிறகு தோணியும் ஆகவில்லை. கடைசியில் பஞ்சாலைச் சங்கு ஊதினால்கூடச் சோற்றுக் கையோடு எழுந்துவிடுவார். வேதமணி என்னிடம் வந்து அழுதாள். மேதாவி நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

எங்களுக்கு ஆளுக்கொரு பித்தளை வில்லை, நம்பர் போட்டது. ஏறும்போது மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டும். வில்லை வந்தால் போதும், யார் கொண்டுவந்தது என்று அவர் பார்க்கமாட்டார். மாப்பிள்ளையின் முறை வந்தால் அவர் வில்லையோடு நான் ஏறுவேன். கரையில், கிட்டங்கியில் சரக்கு அடுக்கும் என் வேலையை அவர் பார்ப்பார். இரண்டரை வருஷம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு தடவையும் வில்லை கைமாறியதும் அவர் முகம் தெளியும். அதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

புதுத் துறைமுகம் வந்தது. கப்பல் கரையோடு அணைந்து நின்றது. ஏறுவதற்குப் படி, இருபுறமும் கைப்பிடி. கைப்பிள்ளையோடு ஒருத்தி ஏறிவிடலாம். எங்களை நிரந்தரமாக்க ஒரே நிபந்தனைதான்: குறித்த நாளில், அதிகாரி பார்க்க, தன் வில்லையோடு தானே ஏற வேண்டும். தவறினால் வேலை இல்லை. வேதமணி அப்போது ஐந்து மாதம்.

ஒரு வாரம் அவரோடு மல்லுக்கு நின்றேன். கெஞ்சினேன், கேலி செய்தேன், தங்கச்சியைச் சொல்லி மிரட்டினேன். கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது.

"புத்திக்குத் தெரியுது மச்சான்," என்றார். "காலுக்குத் தெரிய மாட்டேங்கு."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

என் பெயர் முந்தின நாளே பதிவாகிவிட்டது. அவருடைய நாளன்று துணைக்குப் போனேன். படியடியில் நின்றார், கைக்குள் வில்லை. மேலிருந்து அதிகாரி நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது. மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது, என்றைக்குமே முடிந்ததில்லை. என் கை தானாகப் போய் வில்லையைப் பிடுங்கி மேஸ்திரியிடம் கொடுத்தது. நாலு படி ஏறிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது.

அதிகாரி நேற்றுப் பார்த்த முகத்தை மறக்கவில்லை. காகிதத்தில் நாற்பத்தொன்றை அடித்துவிட்டார். காலில் விழாத குறையாகக் கேட்டும் பலனில்லை. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் வலது கால் முதல் படியில் இருந்தது. இரண்டு கையும் கைப்பிடியைப் பிடித்திருந்தன.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"காலை எடுத்து வச்சிட்டேம்லா மச்சான்," என்றார். "நீங்க வில்லைய வாங்கினதும்தான், நம்மால ஆகாது போலன்னு தோணிட்டு."

தெருவுக்குள் திரும்பும்போது வேதமணி வாசலில் நிற்பது தெரிந்தது. அவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் தெருமுனையிலேயே நின்றுகொண்டேன்.