கை நின்ற இடம்

1

என் கழுத்தில் ஜெல் தடவியிருந்தபோதுதான் இந்தக் கதை கிடைத்தது. ஸ்கேன் எடுத்த பெண்மணி சொன்னார்: "அசையாதீங்க, மூச்சை அடக்கிக்கங்க. மேலருந்து கீழ வரைக்கும் எட்டு செகண்ட், ஒரே வேகத்துல இழுக்கணும்."

அவர் கையிலிருந்த கருவி படம் படமாக எடுத்துத் தள்ளும். அவற்றை அடுக்கி முப்பரிமாண உருவமாக்குவது கணினி. கை எந்த வேகத்தில் போனது என்று அதற்குத் தெரியாது. சீராகப் போனதாகவே நம்பிக்கொள்ளும். கை எங்காவது தயங்கினால் அந்த இடம் படத்தில் நீண்டுவிடும்.

என் கழுத்தில் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் இந்தத் தகவலைக் கொண்டுவந்தேன்.

2

முதல் முயற்சி: "வெண்ணிற அறையில் விதியின் நிழல்..."

(வேண்டாம். அறை வெளிர்பச்சை. சுவரில் கை கழுவும் முறை ஒட்டியிருந்தது. விதியைக் காணோம்.)

இரண்டாவது: ஸ்கேன் எடுக்கும் அக்காவிடம் அவளுடைய தங்கையே வந்து படுத்தாள்.

இது போதும். தங்கை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கழுத்தில் ஒரு கட்டி. போன வருடம் பதினான்கு மில்லிமீட்டர். வளர்ந்திருந்தால் ஆபரேஷன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆபரேஷனில் குரல் கெடவும் வாய்ப்புண்டு. குரல் போனால் வேலையும் போச்சு.

சொந்தக்காரர்களுக்குத் தானே ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். தங்கைதான் அடம்பிடித்தாள். "உன் கைன்னாதான் எனக்கு நம்பிக்கை."

3

படம் வந்தது. கட்டியின் நீளம் இருபத்தொன்று.

அக்காவின் முகம் ஏதோ

(உவமை மூன்றையும் அடித்துவிட்டேன். முகம் வெளுத்தது, அவ்வளவுதான்.)

"என்னக்கா, வளந்துடுச்சா?"

அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூச்சுக்குழாயில் வரிசையாக வளையங்கள் உண்டு. மேலும் கீழும் நெருக்கமாக இருந்தவை கட்டிக்குப் பக்கத்தில் மட்டும் தள்ளித் தள்ளி நின்றன. மூச்சுக்குழாய் ஒரு வருடத்தில் அப்படி நீளாது.

"என் கை நின்னுருக்குடி."

"அப்ப வளரலையா?"

"தெரியல. கை நின்னது மட்டும்தான் தெரியுது."

"இத்தனை பேருக்கு எடுத்த கை. எங்கிட்ட வந்து ஏன் நிக்குது?"

"மத்தவங்க கழுத்தைப் பாத்து நான் பயந்ததே இல்லடி."

"அட லூசு," என்றாள் தங்கை. இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா அழுதாள்.

(முந்தைய வரைவில் தங்கைதான் அழுதாள். அது பொய். அவள் கழுத்தை அசைக்காமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தாள்.)

4

பார்த்தீர்களா, மூன்றாம் பகுதிதான் நீளம். கதை வளர்ந்ததா, என் கை நின்றதா என்று எனக்கே தெரியவில்லை.

5

ஒரு முடிவு: கட்டி வளர்ந்திருந்தது. "ரயில் நிலையத்தில் இப்போது வேறொரு குரல்..." இதற்கு மேல் எழுத வரவில்லை.

இன்னொரு முடிவு: அதே பதினான்கு. இதை எழுதும்போது கை ஓட்டமாக ஓடியது. ஓடினாலும் படம் கெட்டுவிடும், உள்ளதைக் குறுக்கிக் காட்டும். ஆகவே இதையும் நான் நம்பவில்லை.

6

அடுத்த அறையில் வேலை பார்ப்பவரை அக்கா கூட்டிவந்தாள். அவர் தங்கையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "அண்ணே, நீங்க எடுங்க. நான் வெளிய நிக்கிறேன்."

அவளோடு நானும் வெளியே வந்துவிட்டேன். இத்தனை வரிகள் பழகியபின் என் கையும் சொந்தக்காரர் கைதான். அந்த அண்ணன், இதைப் படிக்கும் நீங்களாக இருப்பதே நல்லது. தங்கையை உங்களுக்கு ஐந்து நிமிடமாகத்தான் தெரியும். கருவியைப் பிடியுங்கள். எட்டு வரை எண்ணுங்கள். எந்த இடத்திலும் தயங்காதீர்கள்.

கதவுக்கு உள்ளிருந்து, ரயில் வருவதைச் சொல்லும் அதே நிதானத்தோடு, குரல் கேட்கிறது:

"எடுங்க. மூச்சை அடக்கிக்கிறேன்."