பொறுக்க ஒன்றுமில்லாத மேசை

அச்சரப்பாக்கம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த மிளகாய்த்தூள் கம்பெனியில் மார்கரெட்டுக்கு லேப் வேலை வாங்கித் தந்ததே அவள் அண்ணி ஞானம்மாள்தான். பூசணம் பிடித்த மிளகாயையும் கறுத்ததையும் கையால் பொறுக்கித் தள்ளும் ஒன்பது பெண்களில் அண்ணி மூத்தவள். "எங்க நாத்தனாரு கெமிஸ்ட்ரி படிச்சிகீது சார்" என்று மேனேஜர் லக்ஷ்மிநாராயணனிடம் விடாமல் சொல்லிச் சொல்லித்தான் 2003-இல் அந்த இடம் கிடைத்தது.

அப்போது அரைத்த தூளில் பத்து மூட்டைக்கு இரண்டு ரிஜெக்ட் ஆகிப் பின்பக்கக் கழிவுக் குழிக்குப் போயின. அந்த மூட்டைகளின், மிளகாய் வந்த நாளும் வைத்த இடமும் எழுதிய சீட்டுகளை மார்கரெட் இரண்டு மாதம் சேர்த்து வைத்துப் பார்த்தாள். முக்கால்வாசி மழைநாளில் இறங்கிய சரக்கு. மீதி, குடோனில் வெறும் சிமெண்டுத் தரையில் கிடந்தது. லாரி கேட்டில் நிற்கும்போதே ஈரம் பார்க்க வேண்டும், பதினொரு சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்ப வேண்டும், இறக்கியதை மரப்பலகை மேல்தான் அடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் அப்படியே செய்தார்.

பொங்கலுக்குள் குழி காய்ந்துபோனது. மத்தியானத்துக்கு மேல் பொறுக்கும் மேசையில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

லக்ஷ்மிநாராயணன் மார்கரெட்டைக் கூப்பிட்டார். "பொறுக்க ரெண்டு பேர் போதும்மா இனிமே. யார் யார வெச்சிக்கலாம்னு நீயே சொல்லிடு. உனக்குத்தானே தெரியும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்பது பேரில் தெய்வநாயகி, காசியம்மாள் என்றாள். திரும்பி வந்து அன்றைய சாம்பிளைச் சலித்தாள்.

சாயங்காலம் வீட்டில் ஞானம்மாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "என் பேர நீ சொல்லலியா?"

"சொல்லல அண்ணி."

"இன்னாத்துக்கு?"

"ஒனக்குக் கண்ணு செரியா தெரில. நாலு மாசமா கறுத்தத வுட்டுகினு கீற. யாருக்கும் தெரியாம நான்தான் பின்னாடியே பொறுக்கிப் போட்டுகினு இருந்தேன்."

அண்ணி கழனித்தண்ணியை வடித்தாள். உலையில் அரிசியைப் போட்டாள். "அத எங்கிட்ட அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல" என்றாள், சத்தமில்லாமல்.

மார்கரெட் அழுகை வரும் என்று நின்றாள், வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தாள், சாப்பிட்டாள்.

அண்ணன் ஜெபசிங் அதன்பிறகு அவளிடம் பேசவில்லை. பங்குனியில் அண்ணி கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் வீட்டு வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கினாள். மார்கரெட்டைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு அண்ணி வருவாள். கோயிலில் இருவரும் ஒரே பாயில் உட்காருவார்கள். ஜெபம் முடிந்ததும் மார்கரெட் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போவாள்.

"கோவமா அண்ணி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. செங்கல்பட்டு பஸ்ஸு வந்துட்ச்சி பாரு."

அண்ணி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை மார்கரெட் நின்றாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.