வீட்டுக்கு முன்பக்கம் எது

எங்கள் வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கலாமா என்று பார்க்க அரசுக் குழுவிலிருந்து ஆள் வரப்போவது தெரிந்ததும், பக்கத்து வீட்டு பென்சன் அண்ணன் துக்கம் விசாரிப்பவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"இனி ஒரு ஆணி அடிக்க முடியாது தங்கச்சி. விக்கவும் முடியாது. பேருக்குத்தான் ஒங்க வீடு."

என் வீட்டுக்காரர் அருள்மணிக்கு முகம் வாடிப்போனது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு, தோட்டச் சரிவில் இறங்கி கக்கூசுக்குப் போவது அவருக்குப் பெரும்பாடு. போன மழையில் வழுக்கி விழுந்தார். வீட்டுக்குப் பின்னால், பள்ளத்தாக்குப் பக்கம் விறகு அடுக்கியிருக்கும் தாழ்வாரத்தை இடித்து பாத்ரூம் கட்ட, கொத்தனாரிடம் பேசி வைத்திருந்தோம்.

"அவுக வர்றதுக்குள்ள வெரசா இடிச்சிருவமா?" என்றார்.

எனக்கும் பயம்தான். ஆனால் அதைவிட ஆவல் பெரிதாக இருந்தது. யாரோ மிஷனரி கட்டிய இந்த ஒழுகல் கல்வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? தினமும் இதோடு மாரடிக்கும் எனக்கே தெரியாதது அவர்களுக்கு என்ன தெரியும்?

"வரட்டும், பாப்போம்" என்றேன்.

பிஷப் வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ரோட்டுப் பக்கச் சுவர் முழுக்க நீல எனாமல் பெயிண்ட் அடித்தேன்.

வந்தது ரம்யா என்ற சின்னப் பெண். பெயிண்டைப் பார்த்து ஒரு நொடி கண்ணை மூடினாள். வீட்டைச் சுற்றிப் பின்னால் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நானும் போனேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இதுதான் உங்க வீட்டோட முன்பக்கம்."

"என்னம்மா சொல்ற? இது கோழி மேயிற எடம்."

"வீடு கட்டுனப்ப ரோடே இல்ல. கீழ இருந்து குதிரைப் பாதைல வந்திருக்காங்க. அதான் தூண், வளைவு, பெரிய கதவு எல்லாம் இந்தப் பக்கம் இருக்கு. நீங்க வாசல்னு சொல்றது சமையக்கட்டுக் கதவு. நல்லவேளை, பெயிண்ட் அங்க அடிச்சீங்க."

கல்யாணமாகி வந்த அன்று, ஜெபம் பண்ணி என்னை அழைத்துப்போனது சமையல்கட்டு வழியாகவா! சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அதற்குள் அவரும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "வீட்ட விக்கலாமா, கூடாதா?"

"தாராளமா விக்கலாம் அங்கிள். வீடு உங்களுதுதான். உள்ள உங்க இஷ்டம். வெளிய எதை மாத்தினாலும் குழுகிட்ட கேக்கணும். இந்தப் பக்கத்த மட்டும் இடிக்க விடமாட்டாங்க."

"அப்ப பாத்ரூமு?"

"ரோட்டுப் பக்கம் கேட்டுப் பாருங்க. அனுமதி கிடைக்கும்னுதான் நினைக்கிறேன்."

அவர் கொதித்துப்போனார். "வாசல்ல கக்கூசா? கோயிலுக்குப் போறவன் வர்றவன் எல்லாம் காறித் துப்புவான். வேண்டவே வேண்டாம்."

தூறல் விழத் தொடங்கியது. அவர் நெளிந்தார். எனக்குப் புரிந்தது. குடையை விரித்து, அவர் கையைப் பிடித்துச் சரிவில் இறங்கினேன். பாதி வழியில் அவர் கால் சறுக்கியது. தாங்கிப் பிடித்தேன். ரம்யா அங்கிருந்தே "அங்கிள்!" என்று கத்தினாள்.

சேற்றில் நின்றபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"ஏ பெர்லினு, அனுமதி எப்பத் தருவாகன்னு அந்தப் புள்ளகிட்ட கேளு."

"வாசல்லயா கட்டணும்?"

"அதான் வாசல் இல்லைங்கிறாளே" என்றார்.