வெயிலில் போட்ட நாற்காலி

சொந்த ஊரான சிக்கலிலிருந்து போன் வந்தால் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டாவது சண்முகவள்ளி எடுத்துவிடுவாள். பெங்களூரில் பேராசிரியை. மனுசருக்குள் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நேரம் பார்க்கிற ஒரு கடிகாரம் இருக்கிறதல்லவா, மூளையைப் படம் பிடித்து அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். பாடமும் மூளையைப் பற்றித்தான்.

இரண்டாயிரத்து ஏழு, ஆவணி மாசம். பேசியது அண்ணன் தனுஷ்கோடி.

"வள்ளி, ஆத்தா பகலெல்லாம் தூங்குது. விளக்கு வச்சா எந்திரிச்சுக் கொல்லைக்குப் போறேங்குது. மிளகாப் பழம் உதிருதாம். கொல்லை தரிசாக் கெடக்கு தாயி, ஒரு செடி இல்ல."

"வயசானவுகளுக்கு வர்றதுதாண்ணே. உடம்புக்குள்ள இருக்க கடிகாரம் மாறி ஓடுது. பகல்ல தூங்க விடாதீக. காலையில வெயில்ல உக்கார வைங்க, மூஞ்சியில வெளிச்சம் படட்டும்."

"வலது காலு லேசா இழுக்குது…"

"இந்த வயசுல ஓடவா செய்யும்? வெயில மட்டும் விட்றாதீக."

"நீ படிச்ச பிள்ள. சொன்னாச் சரிதான்."

தனுஷ்கோடி சொன்ன சொல் தவறாதவன். விடிந்ததும் ஒயர் நாற்காலியை வாசலில் போட்டு, ஆத்தா பஞ்சம்மாளைத் தூக்கிவந்து உட்கார வைப்பான். அவள் கண் சொருகினால் அவன் பெண்சாதி ராமலெட்சுமி தோளைப் பிடித்து உலுக்குவாள்.

"அத்தே, கண்ணத் தொறங்க. வள்ளி சொல்லியிருக்கு."

"சுடுதுடி. நான் என்ன கருவாடா, இப்பிடிக் காயப்போடுறீக? எம்மேல என்ன கோவமாம் அவளுக்கு?"

போனில் இதைக் கேட்டு சண்முகவள்ளி சிரித்தாள். "வாய் குறையலையே, அப்பச் சரியாகிரும்" என்றாள்.

தீபாவளிக்கு அவள் ஊருக்கு வந்தபோது ஆத்தாளின் வாய் குறைந்திருந்தது. எழுப்பினாலும் ஆத்தா எழவில்லை. சண்முகவள்ளி இமையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கண்ணின் பாவை மற்றதைவிட அகன்று கிடந்தது.

"அண்ணே, காரு பிடிங்க. மதுரைக்குப் போகணும். இப்பவே."

ஸ்கேன் திரையில் ஆத்தாளின் மூளை வந்தது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறை மாதிரி பழைய ரத்தம் கட்டிக்கொண்டு, மூளையை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளியிருந்தது. இதே மாதிரிப் படத்தை அவள் வருசா வருசம் வகுப்பில் காட்டுவாள். பிள்ளைகளிடம் சொல்லுவாள்: "இங்கன முதல்ல கேக்க வேண்டியது ஒண்ணுதான், எப்ப விழுந்தாகன்னு."

இப்போதுதான் கேட்டாள். "அண்ணே, ஆத்தா எங்கயாவது விழுந்துச்சா?"

தனுஷ்கோடி தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்களேன். இன்னும் எதுக்கு மூடி வைக்கிறீக?" என்றாள் ராமலெட்சுமி.

"ஆடி அமாவாசைக்கு அய்யாவுக்குத் திதி குடுக்க ராமேஸ்வரம் போனோம்ல. கோயிலுக்குள்ள ஒவ்வொரு தீர்த்தமாக் குளிச்சு வரையில ஈரத்துல வழுக்கிருச்சு. பின்மண்ட கல்லுல அடிச்சது. ரத்தங்கூட வரல தாயி. எந்திரிச்சுச் சிரிச்சுக்கிட்டே அடுத்த தீர்த்தத்துக்கு நடந்துச்சு."

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"தீர்த்தமாடுற எடத்துல விழுந்தது வெளிய தெரிஞ்சா, அய்யாவுக்குச் செஞ்சதுல குத்தம்னு ஊரு பேசும், வள்ளிகிட்டக்கூட மூச்சு விடக்கூடாதுன்னு ஆத்தாதான் சத்தியம் வாங்கிருச்சு." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நீயும் கேக்கலயே தாயி."

அன்றே மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். ஆத்தா கண் திறக்கவில்லை. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் பேச்செடுத்தார். எதிரே நிற்பவள் யாரென்று ஞாபகம் வந்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தேவிபட்டினத்துக் கடலில் சாம்பலைக் கரைத்தார்கள். காரியமெல்லாம் முடிந்து, பெங்களூருக்குக் கிளம்புகிற அன்று காலையில் சண்முகவள்ளி வாசலுக்கு வந்தாள். தனுஷ்கோடி ஒயர் நாற்காலியைக் கொண்டுவந்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தான்.

"இனி எதுக்குண்ணே இது?"

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. "விடிஞ்சாக் கை தானா எடுக்குது" என்றான். நாற்காலியை நேராக்கிக்கொண்டே, "நீ சொன்னதத்தான செஞ்சேன்" என்றான்.

அந்தப் பேச்சில் குத்தல் இல்லை.

"நீ உக்காரு தாயி. கண்ணப் பாத்தாத் தெரியுது, உனக்கும் உறக்கமில்ல."

உட்கார்ந்தாள். ஐப்பசி கழிந்தும் மழை இல்லை. வெயில் நேரே முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடவில்லை.

"சுடுதா?"

"சுடுதுண்ணே."

"ஆத்தாளும் அதத்தான் சொல்லுச்சு" என்றான் தனுஷ்கோடி.